லொறி நின்ற இடத்துக்கே பாஸ் வர வேண்டுமென்றால்

நல்ல லொறி மெக்கானிக் யார் என்று அறிய வேண்டுமானால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்பவரைக் கேளுங்கள். எந்த பாஸ் (மெக்கானிக்) எந்த வாகனத்துக்கு நாளாந்தம் சாமான் எடுக்கிறார், எவர் பிழையான சாமானை வாங்கிப் போய் மாற்றித் தரச்சொல்லி வந்து நிற்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கொட்டாஞ்சேனையில் லொறி வைத்துத் தொழில் செய்யும் எனக்கு, வீதிக்கே வந்து வேலை செய்யும் பாஸ்மார் பெரும்பாலும் இந்த வழியில்தான் கிடைத்தார்கள்.

ஒருவருடைய நம்பர் மட்டும் போதாது. எஞ்சினுக்கு ஒருவர், வயரிங்குக்கு ஒருவர், ஏர் பிரேக்குக்கு ஒருவர், டயருக்கு ஒருவர் வேண்டும். லொறி நன்றாக ஓடும் காலத்திலேயே அவர்களுக்குச் சின்ன வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, கூலியை எப்படிப் பேசுகிறார் என்பது விளங்கிவிடும். வாரண்டி முடியாத லொறியென்றால் வெளியார் கை வைக்குமுன் முகவர் நிறுவனத்தைக் கேளுங்கள்: டாட்டாவுக்கு டிமோ, லேலண்டுக்கு லங்கா அசோக் லேலண்ட். காப்புறுதியில் வீதி உதவி உண்டென்றால், அது லொறிக்கும் பொருந்துமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

பாஸ் ஒரே வரவில் வேலையை முடிப்பாரா, சாமான் வாங்க மறுபடி போவாரா என்பது சாரதி போனில் சொல்வதைப் பொறுத்தது. "ஸ்டார்ட் ஆகுதில்லை" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. செல்ஃப் சுற்றவில்லை என்றால் பற்றரி, செல்ஃப் மோட்டார், வயர் பக்கம் பார்ப்பார். சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டீசல் பில்டர் அடைப்பு, லைனில் காற்று என்று யோசிப்பார். லொறி கென்டர் என்பதோடு நிறுத்தாமல் எஞ்சின் 4டி33-ஆ, 4டி34-ஆ என்பதையும் செசி நம்பரையும் சொல்ல வேண்டும். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டுச் சில வருடங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் பழைய லொறிகளையே ஓட்டினோம். அவற்றில் எஞ்சின் மாற்றிய லொறிகளும் உண்டு என்பதால், எஞ்சினையே பார்த்துச் சொல்வது நல்லது. கென்டர், எல்ஃப் பெரும்பாலும் 24 வோல்ட்; கார் வேலை செய்பவர் 12 வோல்ட் சாமானோடு வந்தால் பயனில்லை. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் லொக்கேஷனும் சிறு வீடியோவும் போகட்டும்.

ஏர் பிரேக் லொறியில் காற்று இறங்கினால் பின் சில்லுகளை ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்துவிடும். அப்படியே இழுக்க விடாதீர்கள். முதலில் சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும். பிறகு பாஸ் பிரேக் சேம்பர் போல்ட்டைத் திருகி விடுவிப்பார். அதன்பின் அந்தச் சில்லுகளுக்குப் பிரேக் இல்லை. கயிறு ஆபத்து, இரும்பு பாரால்தான் இழுக்க வேண்டும். பின் சில்லுகள் நிலத்தில் உருளப் போகின்றன என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் கழற்றுங்கள். எஞ்சின் ஓடாதபோது கியர்பொக்ஸுக்குள் எண்ணெய் சரியாகச் சுழலாமல் உள்ளே தேய்ந்துவிடும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் லொறி நின்றால், உதவிக்கு வரும் வானும் உள்ளே வராது. சாமான் பெட்டியோடு மோட்டார் சைக்கிளிலோ ஓட்டோவிலோ வரக்கூடியவரைக் கூப்பிடுங்கள். காலி வீதியால் வருவதா, மரைன் டிரைவால் வருவதா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பெல்ட், ஹோஸ், பில்டர், வயர், டயர் வேலைகளை வீதியோரத்தில் முடிக்கலாம். டீசல் பம்பைப் பிரிப்பது, ஹெட் கழற்றுவது எல்லாம் கராஜில்தான். தூசி பறக்கும் இடத்தில் பம்பைத் திறக்க முன்வருபவரைத் தடுத்துவிடுங்கள்.

போயா தினத்தில் பஞ்சிகாவத்தையில் பெரும்பாலான கடைகள் பூட்டு. ஆகவே பெல்ட், டீசல் பில்டர், ஹோஸ் கிளிப், பியூஸ் லொறியிலேயே இருக்கட்டும். பாஸ் வந்துபோகும் செலவு, வேலைக்கூலி இரண்டையும் அவர் புறப்படுமுன் தனித்தனியாகப் பேசுங்கள். சாமானுக்கு பில்லும், கழற்றிய பழைய சாமானும் கேட்டு வாங்குங்கள். பேசிய காசை அன்றே கொடுத்துவிடுங்கள். கூலியை இழுத்தடிப்பவர் யார் என்பது பாஸ்மாருக்கும் தெரியும். நடுச்சாமத்தில் அவருடைய போனை எடுக்கமாட்டார்கள்.