தளர்ந்த இதயத்துக்கு எந்த வால்வு?

மாணவர்களே, நம் இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 100,000 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதன் 4 வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரத்தத்தை முன்னோக்கி மட்டும் விடும் ஒருவழிக் கதவுகள் இவை. ஜொகூர் பாலத்தில் ஒரு தடத்தை மூடினால் பின்னால் வாகனங்கள் தேங்கும் அல்லவா? அதுபோல, இடப்பக்க வால்வு சுருங்கினால் இரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கி மூச்சு வாங்கும். நாளடைவில் இதயத் தசையும் தளரலாம்.

தளர்ச்சியை எக்கோ பரிசோதனை காட்டும். இடது கீழறையில் நிறைந்த இரத்தத்தில் ஏறக்குறைய 55 முதல் 70 விழுக்காட்டை நலமான இதயம் ஒரே துடிப்பில் வெளியேற்றும். 40-க்குக் கீழே இறங்கினால் இதயம் பலவீனமாகிவிட்டது என்று பொருள்.

கெட்டுப்போன வால்வை மாற்ற 3 வழிகள் உள்ளன.

1. இயந்திர வால்வு
நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதன்மேல் இரத்தம் உறையக்கூடும். உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அதனால் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் தேவை. மருந்தின் அளவு மிஞ்சினால் இரத்தக் கசிவு ஏற்படும்.

இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய சித்ரா வால்வு. இறக்குமதி வால்வுகளின் விலை ஏழைகளுக்கு எட்டாததால் இந்த முயற்சி. முதல் 3 வடிவங்கள் தோற்றன. நான்காவது, 1990 டிசம்பர் 6-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கோபால்ட் கலப்புலோகச் சட்டத்துக்குள் பாலிஎத்திலீன் தட்டு ஒன்று சாய்ந்து திறக்கும்.

2. திசு வால்வு
மாட்டின் இதய உறை அல்லது பன்றியின் வால்வைப் பதப்படுத்திச் செய்வது. இரத்தம் எளிதில் உறையாது. வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் 10 முதல் 15 ஆண்டுகளில் தேய்ந்துவிடலாம். இளையோர் உடலில் சுண்ணாம்புச் சத்து படிந்து இன்னும் விரைவாகக் கெடும்.

3. குழாய்வழி வால்வு
மடித்த திசு வால்வைப் பெரும்பாலும் தொடை இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் செலுத்தி விரிப்பார்கள். 2002-இல் பிரான்சில் டாக்டர் அலேன் கிரிபியே பெருந்தமனி வால்வுக்கு இதை முதன்முதலாகச் செய்தார். மார்பைத் திறக்க வேண்டாம். இதயத்தை நிறுத்தவும் வேண்டாம்.

தளர்ந்த இதயத்தில் கணக்கு எப்படி மாறுகிறது? திறந்த அறுவையில் இதயத்தை நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும். பலவீனமான தசைக்கு அது பெரும் சுமை. அங்கு இரத்தம் மெதுவாக ஓடுவதால் உறையும் வாய்ப்பும் கூடும். ஆகவே முதியவருக்குக் குழாய்வழி வால்வோ திசு வால்வோ பொருந்தலாம். இளையவருக்கோ, தளர்ந்த இதயத்தில் இரண்டாவது அறுவை ஆபத்தானது என்பதால், இயந்திர வால்வு மேலாகத் தோன்றலாம். எல்லார்க்கும் சிறந்தது என்று ஒரே வால்வு இல்லை.

உங்கள் வயதினர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சியைக் கவனிக்காமல் விட்டால், வாதக் காய்ச்சல் வந்து வால்வுகள் கெடலாம். மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

சிந்தியுங்கள்: மெர்சிங்கில் 30 வயது மீனவர் ஒருவர். இதயம் தளர்ந்துள்ளது. பல நாள் கடலில் இருப்பார். கையில் கத்தியும் தூண்டிலும். அவருக்கு இயந்திர வால்வா, திசு வால்வா? ஒவ்வொன்றுக்கும் 2 காரணங்கள் எழுதி, உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.