இரண்டாவது பிராசசரும் நினைவகப் பிழையும்

தேர்ச்சி மதிப்பெண் 35. இரும எண்ணில் 100011. பழுதான நினைவகத்தில் ஒரேயொரு பிட் மாறினால் 100001, அதாவது 33 ஆகிவிடும். மாணவர் தோல்வி! எனவே நினைவகப் பிழையை அலட்சியம் செய்யக்கூடாது.

பின்னலாடை வடிவமைப்புக்கு வாங்கப்படும் ஒர்க்ஸ்டேஷன் கணினிகள் சிலவற்றில் இரண்டு பிராசசர்கள் பொருத்தலாம். இரண்டாவதைச் சேர்த்ததும் பிழை வந்தால், ரேமை மட்டும் குறைகூற இயலாது. ஏஎம்டி ஆப்டெரான் (2003), இன்டெல் ஜியான் 5500 (2009) முதல் நினைவகக் கட்டுப்படுத்தி பிராசசருக்குள்ளேயே உள்ளது. ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனி ரேம் இடங்கள். புதிய பிராசசர் வந்தபின்தான் அதன் பக்க இடங்கள் செயல்படத் தொடங்கும்.

கண்டறியும் முறை:

1. மின் இணைப்பைத் துண்டித்து, பஞ்சுத் தூசியை அகற்றுக.

2. இரு பிராசசர்களும் ஒரே மாடலா, ரேம்கள் ஒரே வகையா, கையேடு கூறும் இடங்களில் உள்ளனவா எனச் சரிபார்க்க.

3. பிழை காட்டும் ரேமை முதல் பிராசசரின் பக்கம் மாற்றி, மெம்டெஸ்ட்86 மூலம் சோதிக்க. பிழை ரேமுடன் நகர்ந்தால் ரேம் பழுது.

4. நகராவிட்டால் பிராசசர்களை இடம் மாற்றுக. பிழை உடன் சென்றால் பிராசசர் பழுது. அங்கேயே நின்றால் சாக்கெட்டில் ஊசி வளைந்துள்ளதா, ஹீட்சிங்க் திருகுகள் சீராக முடுக்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்க.

வகுப்பறைச் செயல்பாடு: எரியாத பல்புச் சுற்று ஒன்றைக் குழுக்களிடம் கொடுங்கள். பல்பு, மின்கலம், கம்பி ஆகியவற்றில் ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றி, ஒவ்வொரு முடிவையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிய குழுவிடம், "எது பழுது?" எனக் கேளுங்கள். அறிவியல் முறை அங்கே புரியும்.