முதல் இதழ் தேடும் கண்ணுக்கு

இராசிபுரம்

அன்புள்ள கண்ணு,

போன வாரம் மஞ்சப்பையும் கையுமாக வந்தாய். நாற்பத்தொரு பத்திரிகைகளின் முதல் இதழ்களைப் பாயில் வரிசையாகப் பரப்பினாய். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது, ஒரு முனைகூட மடங்கவில்லை. "இதுல எதுங்கய்யா ரொம்ப அரிது?" என்று கேட்டாய். காபி ஆறிப்போகிறது என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதே கேள்வியைச் சுமந்துகொண்டு உன் வயதில் நானும் திரிந்தவன். அதனால் பட்ட நட்டத்தை நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தது. உன்னைப்போல இன்னும் சில பிள்ளைகள் இந்த வேலையில் இறங்கியிருப்பதாகக் கேள்வி. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. சணல் கயிற்றில் கட்டிய கட்டு ஒன்று தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஏதோ ஒரு கிராமத்து நூலக வாசகர் வட்டம் மூன்று ஆண்டுகள் நடத்திய செய்தி மடல்கள். அச்சுகூட இல்லை, சைக்ளோஸ்டைல். "மொத்தமா எடுத்துக்கங்க, எடைக்குத்தான் போடப்போறேன்" என்றார் கடைக்காரர். நான் முதல் மடலை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து படித்தால், கடைசிப் பக்கத்தில் நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்தவர்களின் பட்டியல், அகர வரிசையில். 'கு'வில் தொடங்கும் பெயர்களோடு தாள் முடிந்துவிட்டது. கீழே ஒரு வரி: மிச்சம் அடுத்த மடலில். அடுத்த வாரம் ஓடினேன். கட்டு லாரியேறிப் போயிருந்தது.

முதல் இதழ் என்பது ஒருவர் ஊரறியச் சொன்ன சொல். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா, எத்தனை நாள் காப்பாற்றினார், ஏன் முடியாமல் போயிற்று என்பதெல்லாம் பின்னால் வந்த இதழ்களில்தான் இருக்கிறது. முதலை மட்டும் பிடுங்கிக்கொண்டு வருகிறவன் கல்யாணப் பத்திரிகையைச் சேர்க்கிறவன் மாதிரி. குடித்தனம் எப்படி நடந்தது என்று அவனுக்குத் தெரியாது.

நம் மண்ணிலேயே பார். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில், ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில், 1925 பிப்ரவரியில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். அதே ஆண்டு மே 2ஆம் தேதி, காவிரிக்கு அக்கரையில் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' முதல் இதழ் வந்தது. ஆசிரமத்திலிருந்து 1929இல் 'விமோசனம்' வந்தது. மதுவிலக்குக்கென்றே நடத்திய மாத இதழ். ஆசிரியர் ராஜாஜி, துணைக்கு ரா. கிருஷ்ணமூர்த்தி. அவர்தான் பின்னால் ஆனந்த விகடனுக்குப் போய், 1941இல் 'கல்கி' தொடங்கியவர். 'விமோசனம்' நீண்ட நாள் ஓடவில்லை. ஆனால் 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி சென்னை மாகாணத்துப் பிரதமராக இருந்தபோது, மதுவிலக்கு முதன்முதலில் நடப்புக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். ஒரு சின்ன இதழ்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகை. இந்த மாவட்டத்தை ஏன் முதலில் தேர்ந்தார்கள் என்று கேட்கிறவர், அந்தச் சில இதழ்களைப் புரட்டாமல் பதில் எழுத முடியாது என்பது மட்டும் உண்மை.

இன்னொன்று 'நடை'. 1968 அக்டோபரில் சேலத்திலிருந்து வரத் தொடங்கிய காலாண்டிதழ், எட்டே இதழ்கள். அதன் பின்னால் நின்றவர் கவிஞர் சி. மணி. ஞானக்கூத்தனின் தொடக்கக் கவிதைகளும் ந. முத்துசாமியின் நாடகமும் அதில் வந்தன. புதுக்கவிதைக்காரர்கள் மரபு தெரியாதவர்கள் என்று ஊரெல்லாம் ஏசிய காலத்தில், 'யாப்பியல்' என்று யாப்பிலக்கணம் பற்றிய ஆய்வையே இணைப்பாகக் கொடுத்த இதழ் அது. அதை எழுதிய 'செல்வம்' யாரென்று தேடினால் அவரும் சி. மணிதான். 'வே. மாலி'யும் அவரே. இதிலிருந்து இரண்டு பாடம் எடுத்துக்கொள். இணைப்புகள்தாம் முதலில் தொலைகின்றன, ஆகவே எந்த இதழ் கிடைத்தாலும் நடுவில் செருகியது ஏதாவது இருந்ததா என்று கேள். பெயரைப் பதியும்போது அச்சில் உள்ளபடியே எழுது, அவர் இன்னார் என்று தெரிந்தால் பக்கத்தில் தனியாகக் குறி. இரண்டையும் கலக்காதே.

1972இல் பரந்தாமன் சேலத்தில் தொடங்கிய 'அஃக்' இதழைத் தேடும்போது எழுத்தை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடாதே. அட்டையும் பக்க அமைப்பும் எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டவை என்று விரலால் தடவிப் பார். நிறுவனங்கள் நடத்திய இதழ்களையும் ஒதுக்காதே. சேலத்துப் படக் கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய 'சண்டமாருதம்' இதழில் கண்ணதாசனே வேலை பார்த்தார். அரசியல்காரர் நடத்தியவையும் அப்படித்தான்: இராசிபுரத்தில் பிறந்த பெ. வரதராஜுலு நாயுடு சேலத்திலிருந்து 'தமிழ்நாடு' இதழை நடத்தினார். ஆகவே ஆலை, நெசவாளர் சங்கம், லாரி உரிமையாளர் சங்கம், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று எது கையில் சிக்கினாலும், இலக்கியம் இல்லை என்று தள்ளாதே.

இனி, தேதி இல்லாத இதழை என்ன செய்வது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். இதழ் தானே வாயைத் திறந்து சொல்லும், நாம்தான் கேட்க வேண்டும். முதலில் விலையைப் பார். அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்றால் அதற்குப் பின், 1964 வரை. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. லை, னை, ளை எல்லாம் பழைய தும்பிக்கை வடிவில் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன். இதை மட்டும் நம்பி ஏமாறாதே. பெரியாரின் இதழ்கள் 1935லேயே புது எழுத்துக்கு மாறிவிட்டன. பழைய ஈய எழுத்துகளைத் தூக்கிப்போட மனமில்லாத சிற்றூர் அச்சகங்களோ 1978க்குப் பிறகும் தும்பிக்கையை விடவில்லை.

தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுச் சுற்றை மறக்காதே. கீலக வருடம் ஐப்பசி என்றிருந்தால் அது 1968ஆகவும் இருக்கலாம், 1908ஆகவும் இருக்கலாம். விலை பைசாவிலா அணாவிலா என்று பார்த்தால் தீர்ந்தது. 'சேலம் ஜில்லா' என்று போட்டிருப்பதைத் திருத்தி 'நாமக்கல் மாவட்டம்' என்று எழுதாதே. தருமபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997 ஜனவரியில் பிரிந்தது. அன்று அச்சான பெயர்தான் அந்த இதழின் பெயர்.

'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற வரியைப் பார்த்தால், அது பதிவு பெறாத இதழ் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவை சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பப்படும் படிகளில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. உன் கையில் இருப்பதே எஞ்சியதாக இருக்கலாம். பதிவு பெற்ற இதழ் என்றால் அதன் மார்ச் மாத இதழைத் தேடு. ஆண்டுக்கொரு முறை, பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர், முகவரியெல்லாம் 'படிவம் 4' என்று அச்சிட வேண்டும் என்றது 1956ஆம் ஆண்டு விதி. முதல் இதழின் தலையங்கத்தில் யார் யாரோ ஆசிரியர் குழு என்று இருக்கும். கடன் யார் தலையில் என்பதைப் படிவம் 4 சொல்லிவிடும்.

நூலகச் செய்தி மடல்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். உன் நாற்பத்தொன்றில் அவை இரண்டே இரண்டுதான். இவற்றுக்குச் சந்தையில் விலை இல்லை, அதனால்தான் முதலில் அழிகின்றன. 1948இல், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம் மாகாணத்தில்தான் வந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன் பல்லாண்டு போராடியதன் பலன் அது. சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரி அந்தச் சட்டத்திலிருந்து வந்ததுதான். சட்டத்தை எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு சிற்றூர் நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வந்தது, யார் நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள், எந்த ஞாயிற்றுக்கிழமை யார் பேசினார்கள் என்பது இந்த இரண்டு தாள் மடலில் மட்டும்தான் இருக்கிறது. சைக்ளோஸ்டைலுக்கு வாங்கிய மட்டமான தாள் பழுத்து நொறுங்கிக்கொண்டே போகும். கிடைத்த அன்றே படம் எடுத்துவிடு.

பாதுகாப்பில் நீ செய்கிற மூன்று தவறுகளைச் சொல்லட்டுமா? செல்லோ டேப் ஒட்டுகிறாய், பத்தாண்டில் அது தாளைப் பழுப்பாக்கித் தானும் உதிர்ந்துவிடும். துருப்பிடித்த பின்னை அப்படியே விட்டிருக்கிறாய். நகத்தால் பிடுங்காமல், பின்பக்கத்துக் கால்களை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, நூலால் தை. மூன்றாவது அந்தப் பிளாஸ்டிக் உறை. நம் ஊர் வெயிலில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கு நம் பாட்டிமார் வைத்த வசம்பு போதும். எதையும் லேமினேட் செய்துவிடாதே, அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

வீடுகளுக்குப் போகும்போது ஒரு முறை இருக்கிறது. இதழ் நடத்தியவர் போய்ச் சேர்ந்திருப்பார், அவர் வீட்டம்மா இருப்பார். அந்த அம்மாவின் தாலிக்கொடி அடகுக்கடை ஏறித்தான் மூன்றாம் இதழ் வந்திருக்கும். போனதும் "பழைய புக்கு இருக்குங்களா, என்ன வெலை?" என்று கேட்காதே. உட்கார், தண்ணீர் வாங்கிக் குடி, "அய்யா பத்திரிகை நடத்துனப்ப நீங்க என்னங்கம்மா பண்ணுவீங்க?" என்று கேள். முகவரி எழுதியது, தபால்தலை ஒட்டியது, மடித்துப் பசை தடவியது எல்லாம் அவராகத்தான் இருக்கும். அதை எழுதிக்கொள். கொடுத்தால் வாங்கிக்கொள், வாங்கியதற்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. கொடுக்கவில்லை என்றால் படம் எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வா. சேர்ப்பவருக்குப் பெயர் கெட்டால் அடுத்த தெருவில் கதவு திறக்காது.

கடைசியாக, இதெல்லாம் உனக்குப்பின் எங்கே போகும் என்று இன்றே முடிவு செய். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். சம்பாதித்ததையெல்லாம் புத்தகத்திலும் இதழிலும் கல்யாணப் பத்திரிகையிலும் நாடக நோட்டீசிலும் போட்டார். 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, நாடு கடத்தாமல் சென்னையிலேயே 1994இல் நூலகமாக நிறுவியதால் இன்று நாம் போய்ப் படிக்கிறோம். புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதியர் தங்கள் ஞானாலயா நூலகத்தை உயிரோடு இருக்கும்போதே வாசகருக்குத் திறந்து வைத்தார்கள். எல்லாச் சேமிப்புக்கும் அப்படி வாய்ப்பதில்லை. பல வீடுகளில் சேர்த்தவர் காரியம் முடிந்த மறுமாதமே தராசு வந்துவிடும்.

அதனால் ஒரு நோட்டு வாங்கு. ஒவ்வோர் இதழுக்கும் ஒரு பக்கம். எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரிடமிருந்து வந்தது, அடுத்த இதழ் எங்கே இருக்கக்கூடும், கடைசி இதழ் எது என்று எழுது. அந்த நோட்டில்லாத நாற்பத்தொரு இதழும் என் கணக்கில் நாற்பத்தொரு தாள்கட்டுதான்.

எது அரிது என்று கேட்டாயே. என்னிடம் உள்ள பட்டியல் 'கு' வரைக்கும்தான் இருக்கிறது. அந்த இரண்டாம் மடல் எந்தக் கடையிலாவது உன் கண்ணில் பட்டால் நீயே வைத்துக்கொள். எனக்கு ஒரு நகல் மட்டும் அனுப்பு, முதல் மடலை உனக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
இராசிபுரத்து ஐயா