இரண்டு பாதை இருந்தும் ஏன் நெரிசல்?

இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு சாலைக்குப் பதில் இரண்டு சாலைகள் இருந்தால் நெரிசல் பாதியாகிவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆனால் இன்றைய இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட் வலையில் நடந்தது வேறு!

அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய இந்த வலையில், நீண்ட தூரத் தொடர்புக் கம்பிகள் பெரும்பாலும் விநாடிக்கு 56,000 பிட் வேகமுடையவை. செய்திகள் ஏறக்குறைய 1,000 பிட் கொண்ட சிறு பொட்டலங்களாக்கி அனுப்பப்பட்டன. அப்படியானால் ஒரு பொட்டலத்தைக் கம்பியில் ஏற்ற 1,000 ÷ 56,000, அதாவது சுமார் 0.018 விநாடி ஆகும். அதற்கு முன்னால் 50 பொட்டலங்கள் வரிசையில் நின்றால்? பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு விநாடி காத்திருக்க வேண்டும்.

பொட்டலங்களுக்கு வழிகாட்டிய சிறு கணிப்பொறிகளை இன்று ரூட்டர் என்கிறோம். 1979-ல் அவற்றுக்கு ஒரு புதிய முறை வந்தது. ஒவ்வொன்றும் தன் கம்பிகளில் ஏற்படும் தாமதத்தைப் பத்து விநாடிக்கு ஒருமுறை சராசரி பார்க்கும். மாறியிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் அறிவிக்கும். குறைந்த தாமதமுள்ள வழியில் பொட்டலங்கள் போகும். நல்ல யோசனைதான். வலையில் கூட்டம் குறைவாக இருந்தவரை நன்றாகவே வேலை செய்தது.

இப்போது வலையின் கிழக்குப் பாதியையும் மேற்குப் பாதியையும் 'அ', 'ஆ' என்ற இரண்டே கம்பிகள் இணைப்பதாக வைத்துக்கொள்வோம். 'அ'வில் நெரிசல். செய்தி பரவுகிறது. உடனே எல்லா ரூட்டர்களும் 'ஆ'வுக்குத் தாவுகின்றன! அடுத்த அளவீட்டில் 'அ' காலி, 'ஆ' திணறுகிறது. மறுபடியும் எல்லாம் 'அ'வுக்கே. ஆக, எந்த நேரமும் ஒரு கம்பி சும்மா கிடக்கிறது. எந்த ரூட்டரும் தவறு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். கிடைத்த செய்தி உண்மைதான்; ஆனால் அதே செய்தி மற்றவர்களுக்கும் கிடைத்திருக்கிறதே!

1987-ல் இதற்கு மருந்து கண்டார்கள். அதுல் கன்னா, ஜான் ஜிங்கி ஆகியோர் இதை விளக்கி எழுதியுள்ளனர். எவ்வளவு நெரிசலானாலும் ஒரு கம்பியின் 'செலவு', அது காலியாக இருக்கும்போது உள்ளதைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது; ஒரே அறிவிப்பில் அதிகம் ஏறவோ இறங்கவோ கூடாது. இதனால் மாற்றுவழி சற்றே நீளமாக உள்ளவை மட்டும் முதலில் விலகும். மற்றவை பழைய வழியிலேயே இருக்கும்.

பொட்டலங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு கம்பிகளிலும் அனுப்பிவிடலாமே என்று கேட்கலாம். வேகம் சற்று வேறுபட்டாலும் அவை முன்பின்னாகப் போய்ச் சேரும். தொலைந்துவிட்டன என்று எண்ணி, அனுப்பிய கணிப்பொறி மறுபடி அனுப்பக்கூடும். எனவே இன்றைய ரூட்டர்கள் பெரும்பாலும் ஓர் உரையாடலின் பொட்டலங்களை ஒரே கம்பியில்தான் அனுப்புகின்றன.

நீங்களும் சோதிக்கலாம். இருபது நண்பர்களை 12, 8 என இரு வரிசைகளில் நிறுத்துங்கள். எது நீளமான வரிசை என்று அறிவியுங்கள். அதில் நிற்பவர் அனைவரும் மற்றதற்கு மாறட்டும். நான்கைந்து முறை அறிவித்துப் பாருங்கள். பிறகு, நீளமான வரிசையில் நிற்பவர்களில் பகடை உருட்டி ஆறு விழுந்தவர் மட்டும் மாறட்டும். வரிசைகள் எத்தனையாவது அறிவிப்பில் ஏறக்குறையச் சமமாகின்றன?