மருந்து பயன்படுமா? உயிரணுவிடமே கேட்போம்

“குழந்தையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது” என்று சில தாய்மார்கள் எங்களிடம் கூறுவதுண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயின் அடையாளங்களுள் அதுவும் ஒன்று. நோய் உறுதியானபின் குடும்பத்தினர் கேட்பது, “புதிய மாத்திரைகள் வந்துள்ளனவாமே, எங்கள் பிள்ளைக்கு அவை பயன்படுமா?” என்பதே. நோயாளியின் உயிரணுக்களைக் கொண்டே இதற்கு விடை தேடும் முறையை இவ்விதழில் விளக்குகிறோம்.

நோயின் வேர்

நம் 7-ஆம் குரோமோசோமில் உள்ள சி.எஃப்.டி.ஆர். என்னும் மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. அது உருவாக்கும் புரதம், உயிரணுவின் சவ்வில் ஒரு வாயிலாக அமைகிறது. குளோரைடு அவ்வாயில் வழியே செல்லும். நீரும் அதனைத் தொடரும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்ற குழந்தைக்கு இவ்வாயில் சரிவர இயங்குவதில்லை. அதனால் நுரையீரலில் சளியும் கணையத்தில் சுரப்புநீரும் கெட்டிப்பட்டுக் குழாய்களை அடைக்கின்றன.

ஒரு நோய், பல பழுதுகள்

இம்மரபணுவில் 2000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. அவை அனைத்தும் நோய் தருவன அல்ல. சிலவற்றில் வாயில் உரிய இடத்தில் இருந்தும் திறவாது. சிலவற்றில் புரதம் சரியாக மடியாமல் உயிரணுவினுள்ளேயே அழிந்துவிடும். வேறு சிலவற்றில் புரதமே உருவாகாது.

2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஐவாகாஃப்டர் வாயில் திறக்கத் துணைபுரிகிறது. 2019-இல் ஒப்புதல் பெற்ற மூன்று மருந்துகளின் கூட்டு, புரதம் மடிவதையும் சீராக்குகிறது. புரதமே இல்லாதவர்க்கு இவை உதவா. ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணப்படும் எஃப்508டெல் என்னும் மாற்றம், இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு பரவலாக இல்லை. ஆகவே பிற நாட்டினர் பெற்ற பயனைக் கொண்டு நம் பிள்ளைகளுக்கு முடிவு செய்ய இயலாது.

உயிரணுச் சோதனை

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு முறையை வெளியிட்டனர். நோயாளியின் மலக்குடலிலிருந்து மிகச் சிறிய திசுத்துணுக்கு எடுக்கப்படுகிறது. அதிலுள்ள ஸ்டெம் செல்களை வளர்த்தால், ஆர்கனாய்டு எனப்படும், உள்ளே வெற்றிடமுள்ள நுண்ணிய உருண்டைகள் தோன்றுகின்றன. அவற்றில் ஃபோர்ஸ்கோலின் என்னும் பொருளைச் சேர்த்தால், வாயில் நன்கு இயங்கும் உருண்டை நீர் புகுந்து வீங்கும். நோயுற்றவரின் உருண்டை வீங்காது, அல்லது மிகச் சிறிதே வீங்கும். மருந்து இட்டபின் அதுவும் வீங்குமானால், அம்மருந்து அந்நோயாளிக்குப் பயன்படக்கூடும்.

அரிய மாற்றமுடைய இருவருக்கு, இச்சோதனையின் வழிகாட்டுதலால் மருந்து தரப்பட்டு நலம் கிடைத்ததாக 2016-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மருந்தாய்வுகள் எட்டாத அரிய நோயாளிகளுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

நினைவில் கொள்க

• உருண்டை வீங்குவது நல்ல அறிகுறி, உறுதிமொழி அன்று. நுரையீரலில் முன்பே ஏற்பட்ட சேதத்தை அது காட்டாது.

• சோதனை சில ஆய்வு மையங்களிலேயே நடைபெறுகிறது. மருந்தின் விலையும் மிக அதிகம். இவற்றை மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள்.

• சளி வெளியேற்றும் பயிற்சி, செரிமான நொதி மாத்திரை, சத்துணவு, போதிய உப்பு ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

• இரு மரபணு மாற்றங்களின் பெயர்களும் உள்ள அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருகையின்போது அதனைக் கொண்டுவாருங்கள். எந்த மருந்து என்னும் பேச்சை அதிலிருந்தே நாம் தொடங்க வேண்டும்.