இணையம்: சலுகையா, உரிமையா?

சுங்கை செம்பிலாங் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டும் தோழர்களே! உங்கள் லயத்து வீட்டில் குழாய் நீர் வருகின்றது, மின்விளக்கு எரிகின்றது. இவை நிர்வாகம் மனம்போல் கொடுக்கவும் நிறுத்தவும் கூடியவை அல்ல. வேலையிடத்திலேயே குடியமர்த்தப்படும் தொழிலாளர்க்கு நீரும் மின்சாரமும் அளிப்பது முதலாளியின் கடமை என 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் விதித்துள்ளது. குழாய் வறண்டால் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். ஆனால், அதே வீட்டில் இணையம் கிடைக்காவிடில்?

இணையம் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிய காலம் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, பாடங்கள் கைப்பேசி வழியே வந்தன. சபாவில் ஒரு மாணவி, இணையத் தொடர்பு வேண்டி மரத்தின்மீது அமர்ந்து தேர்வு எழுதினார். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளில், எந்தப் பிள்ளையின் பாடம் தவறியது என்பதைப் பெற்றோரே அறிவர்.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் அனைவர்க்கும் சேவை வழங்கும் நிதி ஒன்று அமைக்கப்பட்டது. குறிப்பிட்ட வரம்பிற்கு மேல் வருமானம் ஈட்டும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், கணக்கிடப்படும் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அதற்குச் செலுத்துகின்றன. சேவை எட்டாத ஊர்களில் கோபுரம் எழுப்ப அப்பணம் உதவுகின்றது. நல்ல ஏற்பாடுதான். எனினும், அது நிறுவனங்களின்மீது சுமத்தப்பட்ட கடமையே, "எனக்குரியது எங்கே?" என்று கேட்கும் உரிமையைத் தொழிலாளிக்கு அது தரவில்லை.

பின்லாந்து இவ்விரண்டையும் இணைத்தது. 2010ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள்தொட்டு, ஒவ்வொருவருக்கும் நொடிக்கு ஒரு மெகாபிட் வேகமுள்ள இணைப்பை நியாயமான கட்டணத்தில் பெறும் உரிமை அங்கே சட்டமாயிற்று. இன்றைக்கு அவ்வேகம் மிகக் குறைவே. ஆயினும் அளவு இன்னதென்று எழுதப்பட்டதே முக்கியம்.

கேரளத்தில் வழி வேறு. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதி, மாலை 6 மணிமுதல் இரவு 10 மணிவரை மாணவியர் கைப்பேசி பயன்படுத்தலாகாது எனத் தடை விதித்தது. பணிய மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகுவது கல்வியுரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அவரை மீண்டும் சேர்க்குமாறு ஆணையிட்டது.

நம் கூட்டரசு அரசமைப்பில் இணையம் என்ற சொல் இல்லை. ஆயினும், 5ஆம் விதி கூறும் 'உயிர்' என்பது பிழைப்பையும் வாழ்க்கைத் தரத்தையும் உள்ளடக்கும் என 1996இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது. இது நம்பிக்கை தருவது. எனினும், நீதிமன்றம் செல்லக் காசும் காலமும் வேண்டும்; அதிகாலையில் பிரட்டுக்கு நிற்பவர்க்கு அவை ஏது? எனவே, குறைந்தபட்ச வேகம், கட்டண வரம்பு, தவறினால் பொறுப்பேற்பவர் யார் என்பவற்றைச் சட்டமே வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும் என்பது நம் கருத்து.

அதுவரை முறையீட்டு வழி திறந்தே உள்ளது. தொடர்பு கிட்டாத இடம், நாள், நேரம், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு முதலில் அந்நிறுவனத்திடம் தெரிவியுங்கள். தீர்வு வராவிடில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திற்கு எழுதுங்கள். லயத்தார் பலர் சேர்ந்து எழுதுவது மேலும் நன்று.