டோல் வரிசையில் ஆஃப் ஆகிற டர்போ வண்டி: எதை மாற்றுவது, எதை விடுவது?

டர்போ கிட் மாட்டிய கார் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குக் கிளம்பினால், அதற்கான பரீட்சை வேகத்தில் வருவதில்லை. எட்டிமடை, க.க.சாவடி தாண்டி வாளையார் வரை வண்டி பறக்கும். பூஸ்ட் மீட்டரின் முள் ஏறும், ஓட்டுகிறவர் முகத்தில் சிரிப்பு இருக்கும். எல்லை கடந்து பாம்பாம்பள்ளம் டோல்கேட் வரிசையில் நின்றதும் கதை மாறும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆர்பிஎம் முள் 1,800-க்கும் 900-க்கும் நடுவே ஊஞ்சலாடும். ஏசி கம்ப்ரஸர் சேர்ந்த நொடியில் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுபோகும். பின்னால் லாரிக்காரர் ஹாரனில் கை வைத்துவிடுவார்.

பட்டறை பாஷையில் இதற்கு 'ஹன்ட்டிங் அடிக்குது', 'ஸ்லோ நிக்கல' என்று பெயர். கோவைப் பக்கம் இந்தப் பேச்சு புதிதல்ல. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய எஸ். கரிவர்தன் இந்த ஊர்க்காரர். அவர் பெயரைத் தாங்கிய 2.1 கிலோமீட்டர் ஓடுதளம் செட்டிபாளையத்தில் இருக்கிறது. ஓடுதளத்தில் பிறந்த ஆசை சாலைக்கு வரும்போது, குதிரைத்திறனைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கும் அளவுக்கு, காலை எடுத்ததும் இன்ஜின் அடங்கி ஓடும் ஐடிலிங்கைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை.

டர்போ தூங்கும் நேரத்தில் வரும் நோய்

ஐடிலிங்கில் டர்போ ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டுக்குள் 30 முதல் 40 கிலோபாஸ்கல்தான் இருக்கும். அதாவது பூஸ்ட்டுக்கு நேர் எதிரான உறிஞ்சல். ஆகவே ஸ்லோ நிற்காத வண்டியில் டர்போவைக் கழற்றிப் பார்ப்பது, தலைவலிக்குக் காலில் கட்டுப்போடுவது போல.

கிட் மாட்டும்போது மாறுவது காற்றுப் பாதை. ஒரே ஒரு ரப்பர் குழாய் இருந்த இடத்தில் இன்டர்கூலர், நாலைந்து சிலிக்கான் ஹோஸ், பத்துப் பன்னிரண்டு கிளாம்ப், காலை எடுத்ததும் மிஞ்சிய பூஸ்ட் காற்றை விடும் ஒரு புளோ-ஆஃப் வால்வு எல்லாம் வந்து சேர்கின்றன. இவற்றில் எங்காவது ஈசியூவின் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின்) கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்தால், அல்லது கணக்கில் வந்த காற்று வெளியே போனால், பெட்ரோல் அளவு தப்பிவிடும். எந்தப் பாகத்தை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால், கணக்கு எங்கே தப்புகிறது என்று பார்க்க வேண்டும்.

மேப் வண்டியா, மாஃப் வண்டியா?

எஸ்டீம், ஜென், ஸ்விஃப்ட், சிட்டி விடெக் போன்றவற்றில் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார் இருக்கிறது. கொரோலா, பெட்ரோல் இன்னோவா போன்றவற்றில் ஏர் ஃபில்டரை ஒட்டி உட்காரும் மாஃப் சென்சார், உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கிறது. ஒரே ஓட்டை இந்த இரண்டிலும் வேறு வேறு நோயாகத் தெரியும்.

மாஃப் வண்டியில் சென்சாருக்குப் பிறகு எங்கே ஒழுகினாலும் ஐடிலிங்கில் அளக்காத காற்று உள்ளே வரும். கலவை லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து), மிஸ்ஸிங் அடித்து, வண்டி ஆஃப் ஆகும். அதே ஓட்டை டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருந்தால், பூஸ்ட்டில் அளந்த காற்று வெளியேறிக் கரும்புகை தள்ளும். ஐடிலில் லீன், பூஸ்ட்டில் ரிச் (பெட்ரோல் மிகுதி) என்று இரண்டும் சேர்ந்து வந்தால் இடையில் ஒரு ஹோஸ் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மேப் வண்டி வேறு மாதிரி. த்ராட்டிலுக்குப் பின்னால் ஒழுகினால் அழுத்தம் கூடுவதை சென்சார் பார்த்துவிடும், ஈசியூ அதற்கேற்பப் பெட்ரோலும் கொடுக்கும். அதனால் இன்ஜின் ஆஃப் ஆகாமல் ஆர்பிஎம் ஏறும். த்ராட்டில் மூடியிருந்தும் வேகம் ஏறுகிறதே என்று ஈசியூ பெட்ரோலை நிறுத்தும். ஆர்பிஎம் விழுந்ததும் மறுபடி கொடுக்கும். டோல் வரிசையில் பார்த்த ஊஞ்சல் பெரும்பாலும் இதுதான்.

பணம் செலவழிக்கும் முன் இரண்டு சோதனை

முதல் சோதனைக்கு ஓபிடி சாக்கெட்டில் செருகும் மலிவான ப்ளூடூத் ஸ்கேனரும் ஒரு ஃபோனும் போதும். ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்துத் திருத்துகிறது என்று காட்டும் ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணை ஐடிலிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் பார்க்க வேண்டும். ஐடிலில் பிளஸ் 15, 20 சதவீதம் காட்டி, 2,500-ல் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் மேனிஃபோல்டு பக்கம் ஒழுகல். மாஃப் வண்டியில் இது நன்றாகத் தெரியும், மேப் வண்டியில் மங்கலாகத்தான் தெரியும். ஐடிலில் சரியாக இருந்து வேகம் கூடக் கூட எண்ணும் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், மாஃப் பக்கம் பார்க்கலாம். ஒரு பொறியும் உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஒழுகினால் ஐடிலில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை சரியாக இருந்தும் லீன் என்று காட்டும். புது மேனிஃபோல்டு, புது டவுன்பைப் போட்ட வண்டியில் இதை மறக்கக் கூடாது.

இரண்டாவது, காற்றடிச் சோதனை. டர்போவின் வாயை டியூப் வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, 0.3 முதல் 0.5 பார் வரை காற்று ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். சூடான இன்ஜின் மேல் கார்ப் கிளீனர் அடித்து ஒழுகலைத் தேடும் பழைய வழக்கம் டர்போ வண்டிக்கு ஆகாது. சிவக்கச் சூடான டர்பைன் பக்கத்திலேயே இருக்கிறது.

பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் இரண்டிலும் ஒருவழி வால்வு சரியான திசையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐடில் வால்வுக்குக் காற்று கொடுக்கும் குழாயைப் பழைய ஏர்பாக்ஸிலிருந்து கழற்றி அப்படியே தொங்கவிடுவது கிட் மாட்டும்போது நடக்கும் சாதாரணத் தவறு.

புளோ-ஆஃப் வால்வு: சத்தமா, சமாதானமா?

'புஸ்ஸ்' என்ற சத்தத்துக்காகவே கிட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மேப் வண்டியில் காற்றை வெளியே விடும் வால்வு பெரிய தொந்தரவு தராது. மாஃப் வண்டியில் அதே வால்வு, அளந்து பெட்ரோலுக்குக் கணக்கு வைத்த காற்றை வெளியே கொட்டுகிறது. காலை எடுத்ததும் கலவை ரிச் ஆகி, ஆர்பிஎம் குப்புற விழுந்து, சிக்னலில் வண்டி நிற்கும். அங்கே டர்போவின் உறிஞ்சு பக்கத்துக்கே காற்றைத் திருப்பிவிடும் மறுசுழற்சி வால்வுதான் சரி. சத்தமும் வேண்டும் என்றால் மாஃப் சென்சாரை இன்டர்கூலருக்குப் பிறகு த்ராட்டில் பக்கமாக நகர்த்தி, வால்வை அதற்கு முன்னால் வைக்கலாம். ஆனால் சென்சாரின் அளவீட்டை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்று ஸ்பிரிங். மெல்லிய ஸ்பிரிங் போட்ட வால்வை ஐடிலின் உறிஞ்சலே திறந்து வைத்துக்கொள்ளும்.

பெட்ரோல் கணக்கை யாரிடம் ஒப்படைப்பது?

செலவும் சிக்கலும் கூடுகிற வரிசையில் நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர். இன்ஜெக்டரும் ஈசியூவும் கம்பெனியில் வந்தபடியே இருப்பதால் ஐடிலிங் கெடாது. ஆனால் இக்னிஷன் டைமிங்கை இது தொடாது. ஐந்தாறு பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கு மேல் நாக்கிங் பயம். ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸ் பிளந்தால் ஐடிலில் பெட்ரோல் அழுத்தம் கூடி வண்டி மூச்சுத்திணறும். அந்த ஹோஸுக்குள்ளேயே பெட்ரோல் வாசம் வந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்து சிக்னலை மாற்றிச் சொல்லும் பிக்கிபேக். மாட்டுவது எளிது, கழற்றுவதும் எளிது. பெரிய இன்ஜெக்டர் போட்டு, அதைச் சமாளிக்க சிக்னலைக் குறைத்துச் சொன்னால்தான் வம்பு. ஈசியூ சுமை குறைவு என்று நம்பி டைமிங்கை முன்னால் தள்ளும். ஐடிலில் டிரிம் ஒரு பக்கம் இழுக்க, பிக்கிபேக் இன்னொரு பக்கம் இழுக்கும். இன்ஜெக்டரை மாற்றாத, பூஸ்ட் குறைந்த வண்டிக்கு மட்டுமே இது நிம்மதி.

மூன்றாவது ரீமேப். கம்பெனி ஈசியூவிலேயே புது இன்ஜெக்டரின் அளவையும், பேட்டரி வோல்ட் குறையும்போது அது திறக்கத் தாமதமாகும் நேரத்தையும் எழுதிவிடலாம். ஏசி போட்டால் ஆர்பிஎம் ஏற்றுவது, காலையில் ஸ்டார்ட் செய்வது எல்லாம் பழையபடி இருக்கும். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எல்லா ஈசியூவையும் திறக்க முடியாது என்பதுதான் தடை.

நான்காவது, கம்பெனி ஈசியூவுக்குப் பதிலாக மாட்டும் ஸ்டாண்டலோன் ஈசியூ. எதையும் செய்யலாம், எல்லாவற்றையும் செய்தும் ஆக வேண்டும். ஐடில் வால்வு எவ்வளவு திறக்க வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் பூஜ்யத்திலிருந்து எழுத வேண்டும். டைனோவில் ஒரு நாளில் குதிரைத்திறன் வந்துவிடும். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட்டைச் சோதிக்க இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. டியூனரிடம் விலை கேட்கும் முன், டைனோவுக்குப் பிறகு எத்தனை காலை வேளை தருவார் என்று கேட்பது நல்லது.

இன்ஜெக்டர் விஷயத்தில் 'பெருசா போட்டா பிற்காலத்துக்கு ஆகும்' என்ற கணக்கு ஐடிலிங்கைக் கெடுக்கும். ஐடிலில் இன்ஜெக்டர் ஓரிரண்டு மில்லிசெகண்டுதான் திறக்கிறது. தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் அந்த நேரம் இன்னும் சுருங்கி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு விழும்.

த்ராட்டில் பக்கம்

கேபிள் வண்டியில் மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டிய பிறகு கேபிள் இறுக்கமாகிவிட்டால் த்ராட்டில் முழுதாக மூடாது. மூடிய நிலையில், த்ராட்டிலின் திறப்பை அளக்கும் சென்சாரான டிபிஎஸ் பல வண்டிகளில் அரை வோல்ட் அளவில் காட்டும். அது தப்பினால் கால் எடுத்ததே ஈசியூவுக்குத் தெரியாது, ஐடில் கட்டுப்பாடே தொடங்காது. ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம் ஏற்றுவது இந்தக் கோளாறைப் பெரிதாக்கும். மின் த்ராட்டில் வண்டியில் பேட்டரியைக் கழற்றியதும் த்ராட்டிலின் நினைவு அழிந்திருக்கலாம். அந்தந்த மாடலுக்குரிய முறையில், அல்லது ஸ்கேனரில், ஐடிலை மறுபடி கற்றுக்கொடுத்தால் போதும்.

ஆக்சிலேட்டரை மிதித்ததும் வெட்டி வெட்டி இழுத்தால் பிளக்கைப் பார்க்கலாம். 1.1 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பிளக், பூஸ்ட்டில் பொறியைத் தாங்காது. 0.7 அளவுக்குக் குறைத்தால் பல வண்டிகளில் சரியாகிவிடும்.

பாலக்காட்டு வெயில், இடுக்கி மேடு

ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் வரிசையில் நின்றால், உலோக மேனிஃபோல்டில் பதித்த காற்று வெப்ப சென்சார் இன்ஜின் சூட்டையே அளக்கத் தொடங்கும். காற்று சூடு, அடர்த்தி குறைவு என்று எண்ணி ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். காலையில் நன்றாக இருந்து மதியம் மட்டும் ஆஃப் ஆகும் மேப் வண்டிக்கு இது ஒரு காரணம். சென்சாரை இன்டர்கூலருக்குப் பிறகான குழாயில் வைத்தால் தீரும்.

போடிமெட்டு வழியாக மூணாறு ஏறுகிற வண்டிக்கு வேறு சோதனை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 85 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். மாஃப் வண்டி தானே சமாளிக்கும். ஸ்டாண்டலோன் வாங்குகிறவர் வெளிக்காற்றழுத்தத்தை அளக்கும் வசதி அதில் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இடுக்கி மலைச்சாலைகளில் ஓடும் பழைய மஹிந்திரா டீசல் ஜீப்புக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அதில் பெட்ரோல் வண்டி போலக் காற்றை அடைக்கும் த்ராட்டில் இல்லை. ஐடிலைப் பம்ப்பின் கவர்னர் பார்த்துக்கொள்கிறது. டர்போ போட்ட பிறகு ஸ்லோ நிற்கவில்லை என்றால் டீசல் குழாயில் காற்று, பம்ப் திருகாணி இவற்றைப் பார்க்கலாம். ஆனால் நீலப்புகையோடு ஆர்பிஎம் தானாக ஏறினால் விளையாட்டில்லை. டர்போ சீலைத் தாண்டி ஆயில் உள்ளே போய், இன்ஜின் அதையே எரித்து ஓடுகிறது. சாவியை அணைத்தாலும் நிற்காது, காற்று வாயை அடைத்தால்தான் நிற்கும். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் வளைந்து மேலேறாமல் நேரே கீழே இறங்குகிறதா என்று முதல் நாளே பார்த்திருந்தால் இது பெரும்பாலும் வராது.

சட்டமும், இன்னொரு வழியும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த மூல விவரக்குறிப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது, கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வாளையாரில் கை காட்டி நிறுத்தினால் 'ஐடிலிங் சரியா இருக்கு சார்' என்பது பதிலாகாது. கிட் மாட்டிய வண்டிக்கு ஓடுதளமே பாதுகாப்பான இடம்.

சாலையில் மட்டும் ஓட்டப்போகிறவருக்கு, கம்பெனியே டர்போ வைத்துத் தந்த பழைய காரும் ஒரு தேர்வு. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவுடன் சேர்ந்து 2018 அக்டோபரில் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி இந்த மண்ணின் எடுத்துக்காட்டு. 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 112 பிஎச்பி, 150 நியூட்டன் மீட்டர். அதன் ஐடிலிங்கை எழுதும் வேலை தயாரிப்பிலேயே முடிந்துவிட்டது.

ஏற்கெனவே கிட் மாட்டியவர் இந்த வரிசையில் போகலாம்: ஹோஸும் கிளாம்ப்பும், ஒருவழி வால்வுகள், எக்ஸாஸ்ட் கேஸ்கெட், புளோ-ஆஃப் வால்வு, டிபிஎஸ், பிளக். இவை எல்லாம் சரியான பிறகும் முள் ஆடினால் மட்டும் இன்ஜெக்டரையும் ஈசியூவையும் தொடலாம். வேலை முடிந்ததும் சோதிக்க வேண்டியது பூஸ்ட்டை அல்ல. மதிய வெயிலில், ஏசி போட்டு, ஹெட்லைட் எரிய, பத்து நிமிடம் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும்.